நிண்டவரின் முதுகு

நெடும்பாலைக்குளத்தில் பிறந்த எவரும் நிண்டவருக்கு முதுகு காட்டியதில்லை. தாலி கட்டிய கையோடு கும்பிட வருகிற பெண்ணும் மாப்பிள்ளையும் சரி, பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகிற பிள்ளைகளும் சரி, கோழி களவெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்க வருகிறவனும் சரி, குளக்கட்டில் இடுப்புயரத்துக்கு நிற்கிற அந்தக் கல்லுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, திரும்பாமல், கல்லைப் பார்த்த முகம் பார்த்தபடியே, கட்டு வளைந்து மருதமரம் மறைக்கிற இடம்வரைக்கும் பின்பக்கமாகவே நடந்துதான் போவார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகன்மார் பழக்கமில்லாமல் வாய்க்காலுக்குள் விழுவார்கள், ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும், பிறகு அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

கதை இதுதான். எந்த ராசா காலமென்று எவருக்கும் தெரியாத ஒரு காலத்தில், குளக்கட்டை வெட்டிவிட்டு ஊரை அழிக்க வடக்கு வழியால் ஒரு படை வந்ததாம்; ஊர்ச்சனம் மாடு கன்றோடு காட்டுக்குள் ஓட, இவர் ஒருவர் மட்டும் ஓங்கிய வாளோடு குளக்கட்டில் நின்றாராம்; விடியலிலிருந்து உச்சி வெயில்வரைக்கும் நின்றாராம்; விழுந்தபோது நெஞ்சு முழுக்கக் காயமாம், முதுகில் ஒரு கீறல்கூட இல்லையாம். காட்டிலிருந்து திரும்பி வந்த சனம் கல் நட்டது. அவருடைய பெயர் மறந்துபோனது, நின்றது மறக்கவில்லை, ஆகவே நிண்டவர் என்றே கூப்பிட்டார்கள். கல் செதுக்கியவன் முன்பக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டுப் பின்பக்கத்தைப் பாறையாகவே விட்டிருந்தான். அந்தப் பக்கம் நாகதாளி பற்றையாக மண்டிக் கிடந்தது, அதற்குள் போய் எட்டிப் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் பூசி, கற்பூரப் புகை பிடித்து, அவருடைய மூக்கும் வாயும் தேய்ந்து மழுங்கிப்போக, ஓங்கிய கையும் இரண்டு கண்களும்தான் மிச்சமாக இருந்தன.

பிறகு உண்மையாகவே வடக்கு வழியால் படை வந்தது. குதிரையிலும் யானையிலும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து, வானத்தால் வந்தது. ஊர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிழக்கே கடற்கரைப் பக்கம் புறப்பட்டது. கிழக்கே போவதென்றால் குளக்கட்டால் போகவேண்டும், குளக்கட்டால் போவதென்றால் நிண்டவரைத் தாண்டவேண்டும், நிண்டவரைத் தாண்டிப் போவதென்றால் எப்படிப் போவது என்பது அந்த ஊரில் கேட்கவே வேண்டாத கேள்வி. அத்தனை சனமும், தலையில் மூட்டையோடும் இடுப்பில் பிள்ளையோடும், ஷெல் விழுந்துகொண்டிருக்கிற குளக்கட்டில், கல்லைப் பார்த்தபடி பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து நடந்தது. மூளையுள்ள எந்த ஊரும் ஓடியிருக்கும். இந்த ஊர் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தது.

தர்மவதியின் புருசன் தில்லைநாதன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக அப்படித்தான் நடந்து வந்தான். "திரும்பி ஓடி வாங்கோப்பா" என்று அவள் கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டு, "மருதமரம்தானே, வந்திட்டன்" என்றான். அவன் வரவில்லை. ஓடியிருந்தால் மரத்தைத் தாண்டி நெடுந்தூரம் போயிருப்பான் என்று அன்றிலிருந்து தர்மவதி மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அதை வாய்விட்டுச் சொல்ல அந்த ஊரில் அவளுக்கு ஓர் ஆள்கூட இருக்கவில்லை.

அவனை அள்ளி, குளக்கட்டுக்குக் கீழேயே மண்ணைப் போட்டு மூடிக்கொண்டிருந்தபோதுதான் நிண்டவர் நட்ட இடத்தைவிட்டு இறங்கினார். எல்லோரும் அவரைப் பார்த்தபடியே நின்றதால் எல்லோருமே கண்டார்கள். முதலில் முன்னால் வைத்த காலை எடுத்தார், பிறகு மற்றக் காலை எடுத்தார், இடுப்புயர ஆளாக, எண்ணெய்க் கறுப்பாக, ஓங்கிய கையை இறக்காமல் சனத்தை நோக்கி வரத் தொடங்கினார். வடக்கைப் பார்த்த கண் வடக்கையே பார்த்திருக்க, பின்பக்கமாக நடந்து வந்தார். முதுகு கண்ணில் படமுன் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. "அவரும் எங்களோட இடம்பெயருறார் போல" என்றார் ஊரின் அலுவல்களைப் பார்க்கிற விதானையார் வல்லிபுரம், பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறான் என்று சொல்வதுபோல. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அங்கே நேரமிருக்கவில்லை.

பேச வேண்டி வந்தது வேறு ஒரு விசயம். பின்பக்கமாக நடக்கிறவருக்குக் குழி தெரியாது, கல் தெரியாது, செத்துக் கிடக்கிற மாடு தெரியாது. யாராவது பின்னால் நின்று முதுகில் கை வைத்து வழிகாட்ட வேண்டும். அந்த முதுகைப் பார்த்தால்தான் கண் அவிந்துபோகுமே. விதானையார் ஆளாளின் முகத்தைப் பார்த்தார், ஆளாளும் மூட்டையைச் சரிசெய்தார்கள். கையில் புருசனின் மண் காயாத தர்மவதி எழும்பி, "கண் போனாப் போகட்டும், பார்க்க இனி என்ன கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

கண் அவியவில்லை. உளி படாத பாறைதான் தெரிந்தது, சொரசொரப்பாக, பாசி பிடித்து. கை வைத்துத் தடவியபோதுதான் நடுமுதுகில், ஒரு விரல் முழுதாக உள்ளே போகிற அளவுக்கு ஒரு துளை இருப்பது தட்டுப்பட்டது. அதன் விளிம்பு வழுவழுவென்று இருந்தது. அவள் விரலை எடுத்ததும் அந்தத் துளைக்குள்ளிருந்து காற்றைப் போல ஒரு குரல் வந்தது.

"கெதியா நட பிள்ளை, என்னைப் பாக்காதை. உன்ர மேளைக் கூட்டிக்கொண்டு கெதியாப் போ" என்று அவசரப்படுத்தியது.

வாய் தேய்ந்துபோனவர் முதுகால் பேசினார். முன்னால் நின்று கும்பிட்டவர்களுக்கு அது எத்தனை நூறு வருசமாகக் கேட்கவில்லையோ யாருக்குத் தெரியும். தர்மவதி திரும்பி மகள் சுதர்சினியைத் தேடினாள். பள்ளிப்படிப்பு முடித்து மேற்படிப்புக்குக் காத்திருந்த பிள்ளை, தகப்பனின் அரிசி மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, நிண்டவருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே பின்பக்கமாக, அவருடைய முகத்தைப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தாள். மருதமரம் தாண்டி ஒரு காதம் வந்தும் அவள் திரும்பி நடக்கவில்லை.

கடலுக்கும், கடல்நீர் தேங்கிய களப்புக்கும் நடுவில் கிடந்த ஒரு நீள மணலில் எல்லா ஊர்ச் சனமும் வந்து குவிந்தது. மணலில் கூடாரமாகத் தறப்பாள் கட்டி, தறப்பாளுக்குள் பதுங்கப் பங்கர் வெட்டி, பங்கருக்குள் தண்ணீர் ஊற, அந்தத் தண்ணீருக்குள் இருந்து சனம் நாளைக் கழித்தது. நிண்டவருக்கும் ஒரு தறப்பாள் கொடுத்தார்கள். ஓங்கிய கை கூரையைக் கிழித்ததால் அந்த இடத்தில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக் கட்டினார்கள். கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது அவருக்கும் ஒரு பங்கு கேட்டார்கள், வாயில்லாதவர் எப்படிக் குடிப்பார் என்று கஞ்சி ஊற்றுகிறவன் கேட்க, அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்றார்கள், அது நியாயமென்று அவனும் ஊற்றினான். வேறு ஊர்க்காரர்கள் கும்பிட வந்தார்கள். அரிசி கிடைக்காத மணலில் கற்பூரம் எங்கிருந்தோ கிடைத்தது. நெடும்பாலைக்குளத்தாருக்கு மற்றவர்கள் தண்ணீர் வரிசையில் வழிவிட்டார்கள், அதை அவர்களும் தங்கள் உரிமைபோல வாங்கிக்கொண்டார்கள். கும்பிட்டவர்கள் பின்பக்கமாக நடந்துபோய் மற்றவர்களின் பங்கருக்குள் விழுந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வந்த படையோடு சண்டை பிடிக்க ஆள் சேர்க்கிறவர்கள் வருவதற்கு அதிக நாள் எடுக்கவில்லை. நிண்டவரைப் போல ஒருவர் கையில் கிடைத்தால் யார்தான் சும்மா விடுவார்கள்? அவரைத் தூக்கி உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டி, தறப்பாள் தறப்பாளாகக் கொண்டுபோனார்கள். "முதுகு காட்டாதவரின் பிள்ளைகளே" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. பெடியளும் பெட்டையளும் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். ஏறாதவர்களை ஏற்றினார்கள். சண்டையின் முன்வரிசை அந்த மணலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருந்தது, ஏறியவர்கள் போவதற்கும் அவர்களைப் பற்றிய சேதி வருவதற்கும் இடையில் ஒரு பானை கஞ்சி கொதிக்கிற நேரம்தான்.

பெட்டியில் நிண்டவரைப் பிடித்துக்கொண்டு வருகிற வேலை அப்போதும் தர்மவதிக்குத்தான். வேறு எவரும் பின்னால் போகத் துணியவில்லை. பெட்டி குலுங்கக் குலுங்க, ஒலிபெருக்கி கத்தக் கத்த, அவள் அந்தத் துளைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் நிண்டதாலதான் இந்தப் பிள்ளையள் சாகுதுகள்" என்றாள் ஒருநாள், பொறுக்கமாட்டாமல்.

"நான் நிக்கேல்லை" என்றது குரல்.

அவள் காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது. மனுசி இல்லை, காய்ச்சலில செத்துப்போனாள். படை வரேக்க பிள்ளையைத் தூக்கி நெஞ்சோட கட்டிக்கொண்டு ஓடினன். குளக்கட்டால ஓடினன். பின்னால இருந்து ஈட்டி வந்தது. பிள்ளையில படாமல் குப்புற விழுந்து மூடிக்கொண்டன். சனம் திரும்பி வந்து என்னைப் புரட்டினது. பிள்ளை உயிரோட கிடந்தது. பிள்ளையைத் தூக்கிச்சினம். என்ர முதுகைப் பாத்திட்டு ஆளையாள் பாத்திச்சினம். பிறகு முதுகு தெரியாமல் என்னைப் புரட்டிப்போட்டு, முன்பக்கத்தை மட்டும் செதுக்கச் சொல்லிச்சினம்."

"அந்தப் பிள்ளை?"

"வளந்து கலியாணம் கட்டினது. நீங்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையின்ர வழிதான். நான் நிண்டிருந்தா உங்களில ஒருத்தரும் இல்லை."

தர்மவதிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, புருசன் செத்ததற்கு அவள் அன்றைக்குத்தான் அழுதாள். ஓடிப் பிழைத்தவனின் பரம்பரை, ஓடாமல் நின்று செத்துக்கொண்டிருந்தது. நேரே விதானையாரிடம் போய்ச் சொன்னாள். அவர் நெடுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி, இருக்கலாம். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா எங்களிட்ட வீடில்லை, வயலில்லை, குளமில்லை. மிச்சமாக் கிடக்கிறது அந்த ஒரு கதைதான். அதையும் பறிச்சுப்போட்டு என்னத்தோட இருக்கச் சொல்லுறாய்?" என்றார். பாவம், அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் அதற்கு முன்பே பெட்டியில் ஏறிப் போயிருந்தார்கள். அந்தக் கதை பொய்யானால் அவர்கள் எதற்காகப் போனார்கள் என்று அவர் யாரிடம் கேட்பார்?

அடுத்த காலையில் சுதர்சினி தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள். அவளோடு படித்த நிலாந்தியும் வந்து நின்றாள். பெட்டி தறப்பாள்களின் நடுவே, களப்புக்கரை ஓரமாக நின்றிருந்தது, நிண்டவர் அதில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தார். ஒலிபெருக்கியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை, ஒரேயொருக்கா" என்றாள் தர்மவதி. "அவருக்குப் பின்னால வந்து நில். காதைக் குடுத்துக் கேள். பிறகு நீ விரும்பினாப் போ. நான் தடுக்கமாட்டன்."

"வரமாட்டன்."

"ஏன்?"

சுதர்சினி தாயின் முகத்தை நேரே பார்த்தாள். "அப்பா ஓடேல்லை அம்மா. ஓடத் தெரியாமலோ? நான் பின்னால போய்ப் பாத்தன் எண்டா, அப்பா சும்மா செத்த மாதிரி."

சும்மாதான் செத்தார் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சுதர்சினி பெட்டியின் பின்பலகையில் காலை வைத்து ஏறி, நிலாந்திக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, நிண்டவரின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். மெசின் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது.

தர்மவதி நிண்டவரின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சொன்னாள், அல்லது கெஞ்சினாள், அல்லது ஏசினாள். அவளுக்கே பிறகு அது எதுவென்று தெரியவில்லை. "உங்கட பிள்ளையை நீங்கள் காப்பாத்திப்போட்டியள். எனக்கு ஆர் இருக்கினம்? ஒருக்காத் திரும்புங்கோ. சனத்துக்கு முன்னால ஒருக்காத் திரும்பிக் காட்டுங்கோ."

"திரும்பினா நான் வெறுங்கல் பிள்ளை. இந்தக் கண்ணும் கையும்தான் நான். பின்னால ஒண்டுமில்லை."

"அந்த ஓட்டைதான் எனக்கு வேணும்."

துளைக்குள் கொஞ்ச நேரம் காற்று வந்து போனது. பிறகு, நூறாண்டு நூறாண்டாக வடக்கைப் பார்த்து நின்ற ஒருவர், இறக்காத கையோடு, பெட்டிப் பலகை நெரிய, கல்லில் கல் உராய்கிற சத்தத்தோடு, மெல்ல மெல்லத் திரும்பினார். எதிரே இருந்த பிள்ளைகளுக்கும் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கும், எந்தத் தலைமுறையும் பார்த்திராத பக்கம் தெரிந்தது. உளி படாத பாறை, பாசி, நடுவில் ஈட்டி போன துளை. யாருடைய கண்ணும் அவியவில்லை. எல்லாக் கண்ணும் அதைப் பார்த்தது, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சிலர் முகத்தை மூடினார்கள், ஒருத்தி மண்ணை அள்ளி எறிந்தாள், ஒலிபெருக்கிக்காரன் பாட்டின் சத்தத்தை முழுதாகக் கூட்டினான்.

அந்தச் சத்தத்துக்குள்ளும் குரல் வந்தது. "ஓடு பிள்ளை" என்றது, அவ்வளவுதான். கேட்டதாகச் சிலர் பிறகு சொன்னார்கள், தலையில் அடித்துச் சத்தியம் செய்து கேட்கவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். தர்மவதி கண்டது, பின்பலகையில் மகளுடைய கால் தொங்கியதும், அடுத்த கணம் அந்தக் கால் மணலில் இருந்ததும்தான். அவள் தானாகக் குதித்தாளா, தான்தான் இழுத்தாளா என்று தர்மவதிக்குத் தெரியாது. கைக்குள் மகளுடைய கை இருந்தது. ஓடினாள். களப்புக்குள் இறங்குகிறவர்களை அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காது, இரண்டு பக்கமிருந்தும் துப்பாக்கிச் சன்னம் வந்து தண்ணீர் தெறித்தது, அவள் மகளைத் தனக்கு முன்னால் விட்டு, முதுகை முழுதாகக் காட்டிக்கொண்டு, இடுப்பளவு உப்புத் தண்ணீரில், கழுத்தளவு உப்புத் தண்ணீரில், அக்கரைவரைக்கும் போனாள். அவளில் ஒன்றும் படவில்லை. மெசின் நிலாந்தியோடு முன்வரிசைக்குப் போனது, நிலாந்தி திரும்பி வரவில்லை.

பெட்டியில் மிஞ்சியது வெறுங்கல்தான். அதை இறக்கி, பின்பக்கம் தெரியாதபடி மணல் மூட்டை அடுக்கி, எண்ணெய் பூசினார்கள் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். ஊரும் மிஞ்சியவர்களோடு களப்பைத் தாண்டி, முட்கம்பி அடித்த முகாமுக்கு வந்துசேர்ந்தது. வரும்போது அந்தக் காலையின் கதையையும் திருத்திக்கொண்டுதான் வந்தது. கடற்பக்கத்தாலும் பகை வந்ததாம், அதனால் நிண்டவர் அந்தப் பக்கமும் பார்க்கத் திரும்பினாராம். அந்தத் துளை? பகை அடித்த சன்னமாம். விதானையார் அதை அழகாகச் சொல்வார், கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். தர்மவதி தண்ணீருக்கு வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் வாளியை நிரப்பிக்கொண்டு போகும்வரைக்கும் காத்திருப்பார்கள். அவளுக்கு ஓடினவள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்கமுடியாதது கூடாரத்துக்குள் இருந்தது. சுதர்சினி தாயோடு பேசுவதில்லை. வந்த புதிதில் ஒருதரம் மட்டும் பேசினாள். "நான் குதிக்கேல்லை, நீங்கள்தான் இழுத்தனீங்கள்" என்றாள். "நிலாந்தியின்ர கையையும் நான்தான் பிடிச்சு ஏத்திவிட்டனான்" என்றாள். "ஓம் பிள்ளை, நான்தான் இழுத்தனான்" என்று தர்மவதி சொன்னாள், அது உண்மையோ பொய்யோ, அந்தப் பாரம் தன் தலையிலேயே கிடக்கட்டும் என்று. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தாய்க்கு முகம் காட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். வெயில் ஏறித் தறப்பாள் கொதிக்கிற மத்தியானங்களில், கூடாரத் துணியைப் பார்த்தபடி, தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

ஊர் கும்பிட்டதெல்லாம் முகத்தைத்தான். தர்மவதி ஒரு மட்டைத்துண்டால் விசிறிக்கொண்டு அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. தோள்பட்டைக்குக் கீழே அந்த முதுகு மூச்சோடு மெல்ல ஏறியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. அவள் கையை மாற்றி விசிறிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.